பழம் நறுக்க ஒரு மடக்குக்கத்தி: தேர்வு செய்வதும் பராமரிப்பதும்

கத்தி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்வது, கட்டைவிரலை அலகின் மேல் வைத்துக் கூர் பார்ப்பது. பழம் நறுக்கும் கத்தியில் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கூர் இல்லையென்றால் வீட்டில் கால் மணி நேரம் தீட்டினால் வந்துவிடும். ஆனால் அலகு தடியாக இருந்தால் அதை நாம் மெலிதாக்க முடியாது. மூட்டுக்குள் சாறு போய்த் தங்கும்படி செய்திருந்தால் அதையும் திருத்த முடியாது. எனவே பார்க்க வேண்டியவை அந்த இரண்டும்தான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உப்புக்காற்று, பலாப்பால், மாங்காய்ப் புளிப்பு, ஐப்பசி மழை என்று கத்தியைக் கெடுக்கும் எல்லாமும் இங்கே தாராளமாகக் கிடைக்கும்.

1. எந்தப் பழத்துக்கு என்று முடிவு செய்யுங்கள்

பையில் வைக்கும் கத்தி எல்லாப் பழத்துக்கும் ஆகாது. கொய்யா, மாங்காய், மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், சப்போட்டா, சாத்துக்குடி, வெள்ளரிப்பிஞ்சு, சின்ன பப்பாளி, இவ்வளவுதான் அதன் எல்லை. தர்பூசணிக்கும் அன்னாசிக்கும் வீட்டுக் கத்தியே சரி. மடக்குக்கத்தியை உள்ளே குத்தித் திருகினால் மூட்டு ஆடத் தொடங்கிவிடும். இளநீரும் நுங்கும் அரிவாள் வேலை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பலா தனிக் கதை. பண்ருட்டிச் சாலையோரம் குவித்து வைத்திருக்கும் பழத்தைப் பிளக்கப் பெரிய கத்தி வேண்டும். பிளந்த பிறகு சக்கையிலிருந்து சுளையை விடுவிக்கவும், சுளையைக் கீறிக் கொட்டையை எடுக்கவும் சின்ன மெல்லிய கத்திபோல் எதுவும் வராது. ஆனால் பலாப்பால் மூட்டுக்குள் இறங்கினால் பிறகு கத்தியைத் திறக்கவே பாடு. வீட்டில் சித்திரை முதல் ஆனி வரை பலா வந்துகொண்டே இருக்கும் என்றால், மடக்குக்கத்தியோடு உறை போட்ட சின்னக் கத்தி ஒன்றையும் வாங்கிப் பலாவுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். மூட்டே இல்லாத கத்தியில் பால் எங்கே போய் ஒளியும்?

முந்திரிப்பழம் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். சாதாரண இரும்புக் கத்தியால் நறுக்கினால் கத்தியிலும் பழத்திலும் கறுப்பு படியும்.

2. நீளம்: ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர்

உங்கள் கையில் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் ஏறக்குறைய ஏழெட்டு சென்டிமீட்டர். அலகு அந்த அளவிலோ ஒரு விரல் கூடுதலாகவோ இருந்தால் போதும். அதைவிடக் குட்டையானால் மாங்காயின் கன்னத்தை ஒரே இழுப்பில் சீவ முடியாமல் இரண்டு பக்கமும் வெட்டி நடுவில் சேர்க்க வேண்டிவரும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி சுவிஸ் கத்திகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றின் அலகு நான்கு சென்டிமீட்டர்கூட இராது. சாத்துக்குடித் தோலைக் கீற மட்டும் உதவும்.

பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் வேறு சிக்கல். பழத்தைக் கையில் பிடித்து நறுக்கும்போது அலகின் முனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்புறம், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் முன்னால் அவ்வளவு பெரிய கத்தியை எடுத்து விரித்தால் அவர் எழுந்து வேறு இடத்தில் உட்காருவார்.

3. தடிமன்: இங்கேதான் கத்தி தேறும் அல்லது தோற்கும்

கொய்யா விற்கும் தள்ளுவண்டிக்காரரின் கையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பழத்தின் தலையில் கத்தியை வைத்து இரண்டு கீறல் போடுவார். அடிவரை போகாமல் நிறுத்துவார். பழம் நான்கு இதழாக விரியும். நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டுவார். அவ்வளவு அழுத்தமான காய்ப்பதக் கொய்யாவிலும் ஓர் இதழ்கூட உடையாது. அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தால் விலை மலிவான, பிடியில் நூல் சுற்றிய கத்தியாக இருக்கும். ஆனால் தீட்டித் தீட்டி அலகு தகடாகத் தேய்ந்திருக்கும். அவர் காரியம் முழுவதையும் நடத்துவது அந்த மெல்லிசுதான்.

தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பிளுக்குள் பாதி தூரம் போனதும் ஆப்புபோல் இரு பக்கமும் தள்ளும். அதன்பின் பழம் அறுபடுவதில்லை, பிளக்கிறது. ‘டக்’ என்று சத்தம் வந்து துண்டு தெறித்தால் காரணம் அதுதான். பழுத்த மாம்பழத்தில் இதே தடிமன் சதையை நசுக்கிச் சாற்றைக் கையில் வழிய விடும்.

கடையில் அளக்க ஒரு சுலப வழி உண்டு. இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அலகின் முதுகோடு அதைச் சேர்த்துப் பிடியுங்கள். நாணயத்தின் கனமோ அதைவிடச் சற்றுக் கூடவோ இருந்தால் நல்ல பழக்கத்தி. இரண்டு நாணயம் அடுக்கிய கனம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். காட்டுக்குப் போகிறவர்களுக்கு, கட்டை செதுக்குகிறவர்களுக்கு என்று செய்த கத்தி அது. இணையக் கடைகளில் கறுப்புப் பூச்சோடு, முதுகில் ரம்பப்பல்லோடு வரும் ‘கமாண்டோ’ வகைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நண்பர்களிடம் காட்ட நன்றாக இருக்கும், கொய்யாவுக்கு உதவாது.

முதுகு மட்டும் மெல்லிசாக இருந்தால் போதாது. கத்தியை முனைப்பக்கம் இருந்து நேராகப் பாருங்கள். முதுகிலிருந்து கூர் வரை சீராகச் சரிந்து இறங்க வேண்டும். சில மலிவுக் கத்திகளில் அலகு முழுக்க ஒரே தடிமனாக வந்து, கடைசி இரண்டு மில்லிமீட்டரில் மட்டும் சட்டென்று கூர் வைத்திருப்பார்கள். முதல் வாரம் வெட்டும், பிறகு உளிபோல் ஆகிவிடும்.

ரம்பப்பல் போட்ட அலகு பற்றிக் கேட்பீர்கள். தக்காளிக்கும் தோல் கெட்டியான சாத்துக்குடிக்கும் அது நன்றாகப் போகும். நீண்ட நாள் தீட்டாமலும் ஓடும். ஆனால் ஆப்பிள் சீவினால் வெட்டுமுகம் வரிவரியாக வரும், மாம்பழச் சதை பிய்யும். மழுங்கினால் வீட்டுக் கல்லில் தீட்டவும் வராது. ஒரே ஒரு கத்திதான் என்றால் பல் இல்லாததை எடுங்கள்.

4. உலோகம்: கடலோரத்துக்கு எவர்சில்வர்தான்

கத்திப் பிரியர்கள் கார்பன் ஸ்டீலைத்தான் புகழ்வார்கள். சட்டென்று கூர் ஏறும், உண்மைதான். ஆனால் மாங்காய், எலுமிச்சை, அன்னாசி பட்டதும் சாம்பலும் நீலமுமாகக் கறை பிடிக்கும். பழத்திலும் லேசான இரும்பு வாடை ஏறும். உலர்ந்த ஊரில் துடைத்து வைத்தால் சமாளிக்கலாம். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர் வீட்டில் ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்புள்ளி தெரியும். காற்றில் வரும் உப்பு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. பராமரிப்பில் ஆசை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு எவர்சில்வர்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘காந்தம் ஒட்டினால் அது அசல் எவர்சில்வர் இல்லை’ என்று பாத்திரக்கடையில் கற்றுக்கொண்டதைக் கத்திக்கும் பொருத்துகிறார்கள். அது தலைகீழ். தட்டு, டம்ளர் செய்யும் நல்ல எவர்சில்வரில் நிக்கல் சேர்ந்திருக்கும். காந்தம் அநேகமாக ஒட்டாது. அந்த வகையைச் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்கவும் முடியாது. கத்திக்குப் போவது கார்பன் கூடுதலான வேறு வகை எவர்சில்வர். கடினமாகும், கூர் நிற்கும், காந்தமும் ஒட்டும். அலகில் காந்தம் ஒட்டவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பாத்திரத் தகட்டை வெட்டிக் கத்தி என்று விற்கிறார்களோ என்னவோ.

எவர்சில்வர் துருவே பிடிக்காது என்பதும் இல்லை. குரோமியம் பத்தரை சதவீதமாவது சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அந்தக் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக் காக்கிறது. உப்பு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்ட கத்தியைக் கழுவாமல் மடக்கினால் எவர்சில்வரிலும் குண்டூசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் வரும்.

5. மூட்டும் பூட்டும்

மடக்குக்கத்திகளில் மூன்று வகை மூட்டுகளை நாம் அதிகம் பார்ப்போம்.

முதல் வகையில் முதுகில் ஒரு விறைப்பான பட்டை ஸ்பிரிங் அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடித்திருக்கும். பூட்டு கிடையாது. அழுத்தினால் மடங்கும். விக்டோரினாக்ஸின் பழைய பாணிச் சுவிஸ் கத்திகள் இந்த வகை. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கார்ல் எல்செனரின் தொழிற்சாலை 1897இல் பதிவுசெய்த அந்த அதிகாரிகள் கத்தியின் வம்சம்தான் இன்றும் ஓடுகிறது. பழத்துக்கு இந்தப் பிடிமானமே போதும், ஏனென்றால் நாம் குத்துவதில்லை, சீவுகிறோம். வாங்கினால் அலகும் இரண்டொரு கருவியும் மட்டும் உள்ள ஒல்லி மாதிரியை வாங்குங்கள். கத்தரிக்கோல், ரம்பம், உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் சேர்ந்த குண்டு மாதிரியில் ஒவ்வோர் இடுக்கிலும் மாம்பழச்சாறு புகும்.

இரண்டாவது, வளையம் திருகும் வகை. பிரான்சின் சவுவா பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இதற்குப் பேர்போனது. பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. எண் 8 என்ற அளவில் அலகு எட்டரை சென்டிமீட்டர். மெல்லிய அலகு, அகன்ற வயிறு. பழத்துக்கு இதைவிட நல்ல அலகை இந்த விலையில் நான் பார்த்ததில்லை. புதுச்சேரியில் பல வீடுகளில் பிரான்சிலிருந்து வரும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த ஒன்று அலமாரியில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். அலகில் இனாக்ஸ் என்று பொறித்திருந்தால் எவர்சில்வர், கார்போன் என்றிருந்தால் துருப்பிடிக்கும் வகை.

அதன் குறை, மரப்பிடி. அலகு நேரடியாக மரத்துக்குள் மடங்குகிறது. கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கி உப்பிவிட்டால் அலகைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். சவுவாக்காரர்கள் பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே வரும், பிறகு விரலால் திறக்கலாம். நம் வீட்டில் இதற்கு நிரந்தர வழி, அலகு படியும் பள்ளத்தில் உப்புத்தாளை மடித்து நுழைத்து நாலு தேய்ப்பு தேய்ப்பது.

மூன்றாவது, உள்ளே ஒரு தகடு நழுவிவந்து அலகைத் தாங்கும் வகை. உறுதியானது. ஆனால் தகடுகளுக்கு நடுவே சந்து நிறைய. வாங்குவதாக இருந்தால் பிடியின் முதுகு திறந்தே இருக்கும் மாதிரியைப் பாருங்கள். குழாயடியில் காட்டினால் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: கத்தியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். மூட்டு வழியாக வெளிச்சம் தெரிந்தால் தண்ணீரும் போகும்.

பட்டனைத் தட்டினால் சீறிக்கொண்டு திறக்கும் வகை நமக்கு வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

6. பிடி

பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்காதீர்கள், கழுவச் சுலபம். கொம்பு, மரம் எல்லாம் அழகு, ஆனால் ஈரம் ஆகாது. சாறு வழியும் கையில் வழுக்காமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இடதுகைக்காரர்கள் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கத்திகளில் அது ஒரே பக்கம்தான் இருக்கும்.

7. கடையில் நின்று பார்க்க வேண்டியவை

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிய கடைகளில் தேடலாம், காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் ஒரு நடை பார்க்கலாம். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பாத்திரக்கடைகள். சண்டே மார்க்கெட்டில் தெரிந்த சின்னத்தோடு நூறு ரூபாய்க்கு ஒரு சுவிஸ் கத்தி கிடைத்தால் அது அந்தக் கம்பெனியின் பொருள் இல்லை. போலி என்பதாலேயே வெட்டாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லாகியோல் என்ற பெயரும் அப்படித்தான். தேனீ பொறித்த அந்தப் பிரெஞ்சுக் கத்தி எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. நல்ல பட்டறையும் செய்யும், மட்டமான தொழிற்சாலையும் செய்யும்.

கையில் எடுத்ததும் அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். மடக்கிப் பாருங்கள், அலகு பள்ளத்தின் நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் தினமும் கெடும். முனை முழுவதும் உள்ளே அடங்குகிறதா என்று சுண்டுவிரலால் தடவுங்கள். இது முக்கியம், பையில் கை விடும்போது தெரியும். கடைசியாகக் கூர். அலகைத் தலைகீழாக்கிக் கூர் மேலே வரும்படி டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். கூர் இருக்கும் இடம் கண்ணுக்கே தெரியாது. வெள்ளையாகப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே மழுங்கியிருக்கிறது.

“சார், இது ஜெர்மன் ஸ்டீல்” என்பார் கடைக்காரர். “சரிண்ணே, காந்தம் இருக்கா?” என்று கேளுங்கள்.

8. சட்டம் என்ன சொல்கிறது

ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதச் சட்டத்தின் கீழ்வரும் விதிகள் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. நம் எட்டு சென்டிமீட்டர் கத்தி மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. ஆனாலும் சட்டம் வேறு, ராத்திரி பத்து மணிக்குப் பையைச் சோதிக்கும் காவலரின் பார்வை வேறு. பட்டன் கத்தி என்றால் பழத்துக்குத்தான் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். மரப்பிடிக் கத்தி ஒரு கொய்யாவோடு சேர்ந்து டிபன் பையில் இருந்தால் பேச்சே எழாது. நீதிமன்றம், கூட்டம் கூடும் திருவிழா, மெட்டல் டிடெக்டர் வைத்த இடங்களுக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடலாம்.

9. வீட்டுக்கு வந்ததும் தீட்டுங்கள்

புதுக்கத்தியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் தொழிற்சாலை எண்ணெய் போகும். பிறகு தீட்டுவது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை கொடுக்கலாம், இதைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சுழலும் கல்லில் நொடியில் சூடேறும். பொறி பறந்து விளிம்பில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் உலோகத்தின் கடினம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

ஆயிரம் எண் (கல்லின் நுண்மையைச் சொல்லும் கிரிட் எண்) கொண்ட தீட்டுக்கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். எவ்வளவு தூக்குவது? இரண்டு சென்டிமீட்டர் அகல அலகு என்றால் நான்கு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி அதன்மேல் முதுகை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பதினேழு டிகிரி வரும், பழத்துக்கு அதுதான் கோணம். கைக்கு அது பழகியதும் நாணயத்தை எடுத்துவிடலாம். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் நகத்துக்குத் தட்டும்படி மெல்லிய பிசிறு எழும். கூரின் அடி முதல் முனை வரை பிசிறு எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். மறுபக்கமும் அதேபோல். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு, பிசிறு உதிர்ந்துவிடும். பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தாலே தோல் அறுபட வேண்டும்.

கல் இல்லாதவர்கள் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் ஒன்று தெரியும், அதில் இதே கோணத்தில் இழுக்கலாம். வாரத்துக்கொரு முறை அப்படி இழுத்தாலே கல்லுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்காது.

10. நறுக்கும்போதும் நறுக்கிய பிறகும்

மடியில் வைத்தும் தொடையில் வைத்தும் நறுக்கக் கூடாது. டிபன் டப்பா மூடி ஒன்று போதும், அதன்மேல் வையுங்கள். எவர்சில்வர் மூடியைவிடப் பிளாஸ்டிக் மூடி கூருக்கு நல்லது. மாங்காயைக் கையில் பிடித்துச் சீவினால் கட்டைவிரலைப் பழத்தின் மேல் ஊன்றி, அலகு கட்டைவிரலுக்கு முன்பே நிற்கும்படி சின்னச் சின்ன இழுப்பாகச் சீவுங்கள். கிளிமூக்கு மாங்காய்க்குக் காம்பை நறுக்கியதும் தலைகீழாகப் பிடித்துப் பாலை வடியவிட்டுக் கழுவிவிடுங்கள். அந்தப் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும்.

பலாவைத் தொடும் முன்பே அலகிலும் மூட்டிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இருந்தும் பால் ஒட்டினால் தண்ணீரைக் கொண்டு போகாதீர்கள், இறுகிக்கொள்ளும். எண்ணெய் தோய்ந்த துணியால் உருட்டி எடுத்து, அதற்குப் பிறகுதான் சோப்பு.

வெளியில் நறுக்கினால் குடிதண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து மடக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். வீட்டுக்கு வந்ததும் அலகைப் பாதி திறந்து, மூட்டைக் குழாய்க்கு நேரே காட்டி, பழைய டூத்பிரஷால் சோப்போடு தேயுங்கள். மரப்பிடி என்றால் ஊற வைக்காமல் சட்டென்று முடியுங்கள். கழுவியது சரியாக இல்லையென்றால் எறும்பே சொல்லிவிடும். காலையில் மூட்டைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும்.

துடைத்த பிறகும் மூட்டுக்குள் ஈரம் இருக்கும். திறந்த நிலையிலேயே, பிள்ளைகள் கைக்கெட்டாத உயரத்தில் ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் மூட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். வாய்க்குப் போகும் பொருள் என்பதால் தையல் மெஷின் எண்ணெய் கூடாது. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, பிசுக்காகாது. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசின்போல் இறுகும். தேங்காயெண்ணெய் அவசரத்துக்குச் சரி.

தோல் உறை வாங்கியிருந்தால் அதைப் பயணத்துக்கு மட்டும் வையுங்கள். மழை மாதங்களில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல அலகுக்குக் கொடுக்கும். வீட்டில் இருக்கும்போது கத்தி ஒரு பருத்தித் துணியில் சுற்றி, சமையலறையை விட்டுத் தள்ளி, உலர்ந்த அலமாரியில் இருக்கட்டும்.